சிவப்பு வராத வெள்ளிக்கிழமை

தளத்தை மாற்றும் அந்த வேலை யுவராணிக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஓசூரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் ஏழு வருடமாக இருக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறிப் போவாள். மற்ற நாட்களில் மாரண்டஹள்ளியில் தன் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை செய்வாள். தக்காளி விவசாயிகளின் சங்கம் ஒன்றுக்கு அந்த நிறுவனம் லாராவெல் என்ற மென்பொருள் கட்டமைப்பில் ஓர் இணையதளம் செய்து கொடுத்திருந்தது. நாளைக்கு எந்த ஊர் மையத்தில் தக்காளி எடுப்பார்கள் என்பதை அதில் பார்க்கலாம். ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் ஒரு பட்டை. பச்சை என்றால் எடுப்பார்கள், சிவப்பு என்றால் இல்லை. பட்டையின் மேல் வெள்ளை எழுத்தில் அதையே எழுதியும் இருக்கும்.

தளத்தின் நிறம், அளவு, இடைவெளி எல்லாம் அடங்கிய சிஎஸ்எஸ் கோப்பு, ஐந்தாறு பேர் கை மாறியதில் நாலாயிரம் வரிக்கு வீங்கியிருந்தது. ஓர் இடத்தில் கை வைத்தால் வேறோர் இடம் கலையும். அதைத் தூக்கிவிட்டு, நிறத்துக்கும் அளவுக்கும் ஆயத்தப் பெயர்கள் தரும் டெயில்விண்ட் என்ற கருவியைப் போடச் சொன்னார் மேலாளர் மாதவராஜ்.

"இன்ஸ்டால் பண்றது பத்து நிமிஷ வேலை, யுவராணி."

நிறுவுவதற்குப் பத்து நிமிடம்தான் ஆனது. அதன் பிறகு நாற்பத்து மூன்று பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பழைய பெயர்களை எடுத்துவிட்டு டெயில்விண்டின் குட்டிக்குட்டிப் பெயர்களை எழுத மூன்று வாரம் ஆனது. கண் எரிந்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வியாழக்கிழமை மாலை, சோதனைக்காக வைத்திருந்த நிற மாதிரிப் பக்கத்தை அழித்துவிட்டுத் தளத்தை இணையத்தில் ஏற்றினாள். முகப்பை மட்டும் பார்த்தாள், சரியாக இருந்தது. மற்றதைத் திறந்து பார்க்கத் தெம்பில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, மாரண்டஹள்ளி மையத்தைப் பார்த்துக்கொள்ளும் நஞ்சப்பன் கூப்பிட்டார்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? இன்னிக்கு லாரி வராதுன்னு நேத்து மத்தியானமே சிவப்பு போட்டுட்டேன். இங்க ஒரு அம்மா பதினாலு பெட்டி பறிச்சு எடுத்துக்கிட்டு வந்து நிக்கறாங்க. நெறமே வரலைன்னு சொல்றாங்க."

யுவராணி பக்கத்தைத் திறந்தாள். ஊர்ப்பெயர்கள் இருந்தன. பட்டைகள் இல்லை. வெள்ளைத் தரையில் வெள்ளை எழுத்து யார் கண்ணுக்கும் தெரியாமல் கிடந்தது.

காரணம் பிடிபட அரை மணி நேரம் ஆனது. கோப்புகளில் முழுசாக எழுதியிருக்கும் பெயர்களுக்கு மட்டும்தான் டெயில்விண்ட் நிறம் உண்டாக்கும். அவளோ பட்டையின் நிறப்பெயரை இரண்டு துண்டாக விட்டிருந்தாள். பாதி பக்கத்தில் இருந்தது. சிவப்பா பச்சையா என்ற மீதிப் பாதி தரவுத்தளத்திலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும். இத்தனை நாள் மாதிரிப் பக்கத்தில் அந்தப் பெயர்கள் முழுசாக இருந்ததால் நிறம் வந்துகொண்டிருந்தது. மாதிரிப் பக்கத்தை அழித்ததும் நிறமும் போய்விட்டது. துண்டாக எழுதக்கூடாது என்று அவள் படித்தும் இருக்கிறாள்.

இரண்டு பெயர்களையும் முழுசாக எழுதினாள். மறுபடி ஏற்றினாள். சிவப்பு வந்தது. மாதவராஜைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"சரி பண்ணிட்டீங்கல்ல? யாராச்சும் கேட்டா சர்வர் பிரச்சினைன்னு சொல்லிடுங்க."

"சரிங்க சார்."

வாதாடுவதற்கு அவளிடம் தெம்பு மிச்சமில்லை. ஆனாலும் போனை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு மையத்துக்கு நடந்தாள்.

பூட்டிய ஷட்டருக்கு முன்னால், பெட்டிகளின் மேல் தன் புடவை ஒன்றை நனைத்துப் போர்த்திவிட்டு, ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். கண்ணம்மாள் என்று பெயர் சொன்னாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. சிவப்பு வந்தா பறிக்க மாட்டேன். நேத்து ராவு பாத்தேன், சிவப்பு வரலை. சரி, எடுப்பாங்கன்னு மூணு ஆளை வெச்சுப் பறிச்சுட்டேன்."

சர்வர் என்ற சொல் யுவராணியின் நாக்கு வரை வந்து நின்றது.

"அது என் தப்புதாங்க அக்கா. நான்தான் அந்தப் பக்கத்தை மாத்துனேன். சரியாப் பாக்காம வுட்டுட்டேன்."

கண்ணம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று யுவராணி காத்திருந்தாள்.

"நீதானா? நான் எவனோ ஆம்பளைன்னு நெனைச்சேன்" என்றாள் கண்ணம்மாள். பிறகு, "பாத்துப் பண்ணக்கூடாதா கண்ணு? வெயிலு ஏறிட்டா அடிப்பெட்டி எல்லாம் கசிஞ்சுடும்."

நஞ்சப்பன் பாலக்கோடு சந்தைக்குப் போகும் ஒரு வண்டியைப் போனில் பிடித்தார். அது வர ஒரு மணி நேரம் ஆனது. மூவரும் சேர்ந்து பெட்டிகளை ஏற்றினார்கள். யுவராணியின் சுடிதாரெல்லாம் தக்காளிச் சாறு. இரண்டு பெட்டி தேறாது என்று கண்ணம்மாள் ஓரமாக எடுத்து வைத்தாள். வண்டியில் ஏறும்முன் தன் போனை நீட்டினாள்.

"உன் நம்பரைப் போட்டுக் குடு. இனிமே அந்த நெறத்தை நான் நம்ப மாட்டேன்."

அன்று மதியம் யுவராணி நாற்பத்து மூன்று பக்கங்களையும் போனில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். இன்னும் இரண்டு இடங்களில் இதே தவறு இருந்தது. அவற்றையும் திருத்தினாள். என்ன நடந்தது, யார் தவறு என்று சங்கத்துக்கு ஒரு மெயில் எழுதி, மாதவராஜுக்கும் ஒரு நகல் அனுப்பினாள். அவர் பதில் போடவில்லை. திங்கட்கிழமை அலுவலகத்தில், இன்னொரு தளத்தையும் இதே மாதிரி மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

கண்ணம்மாள் தினமும் காலை ஐந்தரைக்குக் கூப்பிடுகிறாள். யுவராணி படுத்தபடியே தளத்தைத் திறந்து பார்க்கிறாள்.

"பச்சைதாங்க அக்கா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேங்க."

"சரி, பறிக்கச் சொல்றேன்."

அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. எழுந்து போய் லேப்டாப்பைத் திறக்கிறாள். அடுத்து மாற்ற வேண்டிய தளத்தில் அறுபது பக்கங்கள்.