சிபாரிசு இல்லாத விலை

நெவேனா வாசிப்பது டபுள் பேஸ். வயலினை ஆள் உயரத்துக்கு வளர்த்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு வாத்தியம், குரலும் அதற்கேற்ற அடித்தொண்டைக் குரல். பெல்கிரேடு இசைக்குழுவில் அவளுக்கு இடம் கிடைத்தபோது அம்மா லியூபிங்கா தான் வேலை பார்க்கிற வால்யெவோ ஊர்த் தபால் அலுவலகத்தில் ஒரு ஆளைக்கூட விடாமல் சொல்லித் தீர்த்தாள். ஓய்வூதியம் வாங்க வந்த கிழவர்கள்கூட இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் பணத்தோடு வெளியே போக முடிந்தது.

போன குளிர்காலத்தில் அந்தக் குழுவின் கச்சேரி முதன்முறையாக டிவியில் நேரடியாக வந்தது. லியூபிங்காவும் அவள் கணவன் ராதிஷாவும் நல்ல உடை உடுத்திக்கொண்டு, வீட்டு சோபாவில்தான் என்றாலும், முதல் வரிசையில் உட்கார்ந்தது போல உட்கார்ந்தார்கள். மகளின் முகம் மூன்று முறை வந்தது. வில் இழுபட்டது, கை ஏறி இறங்கியது, சத்தம் மட்டும் வரவே இல்லை. அவர்கள் டிவி அட்டை போல மெல்லியது, அதன் முதுகில் இருந்த ஸ்பீக்கரும் அந்த லட்சணம்தான். வயலின்கள் கொசு மாதிரி ரீங்கரித்தன. டபுள் பேஸ் என்ற ஒன்று உலகத்திலேயே இல்லாதது போல இருந்தது.

அன்று நெவேனா போனில், "அம்மா, நான் வாசிச்சது கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சுடி தங்கம். அருமையா இருந்துச்சு" என்று லியூபிங்கா வாய் கூசாமல் சொன்னாள். வாய்தான் கூசவில்லை. மனசு அன்றிலிருந்து கூசிக்கொண்டே இருந்தது.

இப்போது ஜூலை. சனிக்கிழமை லிஸ்பனில் கச்சேரி, மறுபடியும் நேரடி ஒளிபரப்பு. நெவேனா கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: "நடுவுல ஒரு இடம் வரும், அங்க நாங்க அஞ்சு பேர் மட்டும்தான். மத்தவங்க எல்லாம் சும்மா இருப்பாங்க. அதை மட்டும் விட்டுடாதம்மா." லியூபிங்கா முடிவு பண்ணிவிட்டாள். இந்த முறை பொய் சொல்வதாக இல்லை. தரையில் வைக்கிற பெரிய பேஸ் பெட்டியோடு ஒரு ஹோம் தியேட்டர் வாங்கியே தீருவது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவளை ராதிஷா நிறுத்தினான். அவன் பஸ் டிரைவர், நிறுத்துவதில் கைதேர்ந்தவன்.

"எங்க போற? மிலுடின்கிட்ட பேசிட்டேன். அவனுக்கு அந்தக் கடையில ஆள் இருக்கான்."

மிலுடின் அவர்களுடைய கூம். அதாவது கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர், நெவேனாவைக் கையில் ஏந்தி ஞானஸ்நானம் செய்வித்தவர்; அவருக்கு லியூபிங்கா கூமா. அண்ணன் தம்பியிடம் கோபத்தைக் காட்டலாம், கூமிடம் காட்ட முடியாது. அவருக்கு ஊரில் எல்லா இடத்திலும் ஆள் உண்டு. பல் டாக்டரிடம் ஆள், மின்சார ஆபீசில் ஆள், நல்ல இறைச்சிக்கு ஆள்.

லியூபிங்கா அவருக்கே போன் போட்டாள். "கூம், நாளைக்குக் கச்சேரி. நான் பாட்டுக்குப் போய் வாங்கிட்டு வந்துடறேனே."

"கூமா, விலைச்சீட்டைப் பார்த்து அப்படியே பணம் கட்டுறவன் ஊருக்குப் புதுசுன்னு அர்த்தம்" என்றார் மிலுடின். "ரெண்டு மணிக்கு சினிஷா வருவான். என் பொண்டாட்டியோட சித்தி பையன். என் பேரைச் சொன்னா போதும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. என் பேரைக் கெடுத்துடாதீங்க."

ஆளைப் பார்க்க வெறுங்கையோடு போக முடியுமா? ராதிஷா ஒரு பாட்டில் பிளம் பிராந்தியும், நார் நாராகப் பிரித்து வறுத்த பன்றிக் கொழுப்பு ஒரு பொட்டலமும் பையில் போட்டுக்கொண்டான். வால்யெவோவில் அந்த வறுவலுக்குத் திறக்காத கதவு கிடையாது.

கடைக்குள் நுழைந்ததுமே லியூபிங்காவின் கண்ணில் அது பட்டுவிட்டது. கறுப்பு நிறம், முழங்கால் உயரப் பெட்டி, கூடவே நீளமான ஸ்பீக்கர், பின்னால் வைக்க இரண்டு குட்டிகள். காட்சிக்கு வைத்தது, கடைசி செட். விற்பனைப் பையன் ஒருவன் எதையோ போட்டுக் காட்டினான். தும் என்று ஒரு சத்தம் வந்து அவள் வயிற்றில் இறங்கியது. அவளுக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. இதுதான், மகள் இதற்குள்தான் இருக்கிறாள் என்று தோன்றியது.

விலைச்சீட்டில் நாற்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் தினாரைச் சிவப்பில் அடித்து, கீழே முப்பத்தெட்டாயிரம் என்று எழுதியிருந்தது.

"மனுஷா, இதைப் பாரு. வாங்கிட்டுப் போயிடலாம் வா."

"ஆள் வராமலா? கூம் மூஞ்சில எப்படி முழிக்கிறது?" ராதிஷா விலைச்சீட்டின் பக்கம் திரும்பக்கூட இல்லை. சிபாரிசோடு வந்தவனுக்கு விலைச்சீட்டைப் பார்ப்பது கௌரவக் குறைச்சல்.

மணி ஒன்றுகூட ஆகவில்லை. லியூபிங்கா பெட்டியின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், சந்தையில் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல. அப்போதுதான் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு தடித்த மனிதரும் அவர் மனைவியும் வந்து அதே பெட்டியைச் சுற்ற ஆரம்பித்தார்கள். தொப்பிக்காரர் டேப்பை எடுத்து அளந்தார்.

"இது எடுத்தாச்சு" என்றாள் லியூபிங்கா.

"பணம் கட்டிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. ஆள் வரணும்."

தொப்பிக்காரர் கோபப்படவில்லை. ரொம்பப் புரிந்தவர் போலத் தலையாட்டினார். "எங்களுக்கும் ஆள் வரணும். ரெண்டு மணிக்கு வருவார்."

லியூபிங்கா பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "உங்க ஆள் பேரு?"

"சினிஷா" என்றார் அவர். அவர் மனைவியின் கையிலும் ஒரு பை இருந்தது. அதிலிருந்தும் ஒரு பாட்டிலின் கழுத்து எட்டிப் பார்த்தது.

ஒரே பெட்டி, ஒரே ஆள், இரண்டு பாட்டில். நான்கு பேரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். விலை கண்ணெதிரே தொங்கியது, கல்லாவில் கூட்டமே இல்லை, ஆனாலும் ஒருவரும் நகரவில்லை. தொப்பிக்காரர் வெயிலைப் பற்றிப் பேசினார். ராதிஷா டீசல் விலையைப் பற்றிப் பேசினான். நடுநடுவே இருவரும் வாசலை எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டு மணிக்குச் சினிஷா வந்தான். விரல் நுனியெல்லாம் சிவப்பு. இரண்டு வாரம் லீவில் ஊருக்குப் போய் ராஸ்பெர்ரி பறித்துவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தான். ஆண்கள் இருவரும் ஒரே நேரத்தில் அவன் மேல் பாய்ந்தார்கள். "மிலுடின் அனுப்பினார்" என்றான் ஒருவன். "சர்க்கரை ஆலை போர்மன் சொல்லியிருப்பாரே" என்றார் மற்றவர். சினிஷா திருடனைப் போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவர்களை வாஷிங் மெஷின்களுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். லியூபிங்கா காதைத் தீட்டிக்கொண்டாள்.

"உங்களுக்குன்னு சொல்றேன், வெளிய விட்டுடாதீங்க" என்று அவன் கிசுகிசுத்தான். "நாப்பத்தொம்பது போட்டிருக்கு. நாப்பத்திரண்டுக்கு முடிச்சுத் தரேன். மேனேஜருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"நாப்பத்திரண்டா? கையைக் குடு" என்றார் தொப்பிக்காரர்.

"கையைக் குடுக்காத, எங்க கூம் முதல்ல சொன்னாரு" என்றான் ராதிஷா. "நாப்பத்திமூணு தரேன்."

லியூபிங்கா விலைச்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணுக்கு நேரே முப்பத்தெட்டு என்று தொங்குகிறது. இவன் ராஸ்பெர்ரி பறிக்கப் போன நேரத்தில் விலையை இறக்கியிருக்கிறார்கள், அது இவனுக்கே தெரியாது. இங்கே இரண்டு பெரிய மனிதர்கள் ரகசிய விலை என்று ஏலம் போட்டு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். கத்தலாமா என்று பார்த்தாள். கத்தினால் கூமின் பெயர் நடுக்கடையில் கப்பலேறும். இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் பெட்டி கையை விட்டுப் போகும். சனிக்கிழமை மகள் வாசிப்பாள், தான் மறுபடியும் பொய் சொல்ல வேண்டும்.

விலைச்சீட்டை வெடுக்கென்று பிய்த்தாள். வழியில் கணவன் கையிலிருந்த பையையும் உருவிக்கொண்டாள். அவன் ஏலத்தில் இருந்ததால் கவனிக்கவில்லை. நேராகக் கல்லாவுக்குப் போனாள்.

கல்லாவில் இருந்த பெண் விலைச்சீட்டைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். "சிபாரிசு யாரு?"

"யாரும் இல்ல. வேற ஏதாவது குறையுமா?"

"குறையுமே. காட்சிக்கு வெச்சதுக்கு இன்னும் பத்து சதவீதம் உண்டு. நாலு நாளா இங்க உக்காந்திருக்கேன், ஒருத்தர் கேக்கல அத்தை. எல்லாரும் சினிஷாவைத்தான் தேடுறாங்க."

"எப்ப எடுத்துட்டுப் போகலாம்?"

"இப்பவே. இதான் கடைசி, அடுத்த லோடு செவ்வாய்க்கிழமைதான் வரும்."

முப்பத்துநாலாயிரத்துச் சொச்சம். லியூபிங்கா பின் நம்பரை இரண்டாவது தடவைதான் சரியாக அழுத்தினாள். ரசீதை வாங்கிக்கொண்டு கொழுப்பு வறுவல் பொட்டலத்தை அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தாள். "இது உனக்கு. வீட்ல உருளைக்கிழங்கோட சாப்பிடு."

வாஷிங் மெஷின்களுக்குப் பின்னால் போய், ரசீதைக் காட்டி, பாட்டிலைச் சினிஷாவின் கையில் திணித்தாள். "உன்னாலதான் ஆச்சு தம்பி. மிலுடின்கிட்ட சொல்லிடறேன்." சினிஷா விழித்தான். ஆனால் பாட்டிலைத் திருப்பித் தரவில்லை. தொப்பிக்காரரின் மனைவியைப் பார்க்க மட்டும் லியூபிங்காவுக்குச் சங்கடமாக இருந்தது. அந்த அம்மாளின் காதோடு, "செவ்வாய்க்கிழமை இன்னொரு லோடு வருதாம். சீட்டைப் பார்த்து வாங்குங்க" என்றாள்.

காரில் வரும்போது ராதிஷா, "எவ்வளவு குடுத்தே?" என்றான். சொன்னாள். பாலத்தைத் தாண்டியதும், "கூம்கிட்ட நாப்பத்திரண்டுன்னே சொல்லிடலாம்" என்றான்.

சனிக்கிழமை சாயங்காலம் மிலுடின் வந்தார். வந்ததும் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "நான் மட்டும் இல்லன்னா?" என்றார். "உங்க பேரைச் சொன்னதும் கடையே எழுந்து நின்னுடுச்சு கூம்" என்றாள் லியூபிங்கா. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒயர்கள் எல்லாம் மாட்டியாகிவிட்டது. ராதிஷா இரண்டு முறை மாற்றி மாட்டி, மூன்றாவது முறை விளக்கப் படத்தைப் பார்த்து மாட்டினான்.

கச்சேரி ஆரம்பித்தது. வயலின்கள் இந்த முறை கொசுவாக இல்லை, ஆட்கள் வாசிக்கிற மாதிரி இருந்தது. கேமரா மற்றவர்களையே சுற்றியது. புல்லாங்குழல்காரியைக் காட்டியது, குச்சி பிடித்துக் குழுவை நடத்துகிறவரின் வழுக்கையைக் காட்டியது, முன்வரிசையில் கொட்டாவி விட்ட ஒருவரைக்கூடக் காட்டியது. நெவேனாவைக் காட்டவே இல்லை.

"என்னய்யா இது, பொண்ணைக் காணோம்" என்று ராதிஷா பொருமினான். "எங்கயாவது போன் பண்ணணும். எனக்கு அங்க ஆள் இருந்தா..."

அப்போது மற்ற சத்தமெல்லாம் அடங்கியது. கேமரா மண்டபத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது, பூ வேலைப்பாடு செய்த ஏதோ ஒரு கூரை. அந்த நேரத்தில் தரையிலிருந்து அது வந்தது. முதலில் உள்ளங்காலில் தெரிந்தது, பிறகு முழங்காலில், பிறகு நெஞ்சில். மெதுவாக, தடித்த குரலில், யாரோ இருட்டில் நடந்து வருவது போல ஐந்து பேர் சேர்ந்து வாசித்தார்கள். லியூபிங்கா சோபாவை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அழுகை வந்தது, அவள் அதைத் தடுக்கவில்லை.

"அஞ்சு பேர் இருக்காங்களே, இதுல நம்ம பொண்ணு எது?" என்று மிலுடின் மெதுவாகக் கேட்டார்.

"தெரியாது. அஞ்சும் நம்மதுன்னு வெச்சுக்குங்க."

சத்தத்தை இன்னும் ஏற்றினாள். ராதிஷா தடுக்க வந்தவன், அப்படியே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

அழைப்பு மணி அடித்தது. கீழ் வீட்டு ஒப்ராத். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், எதற்கும் மாடி ஏறாதவர். பனியனோடு மூச்சு வாங்க நின்றார்.

"அம்மா, என் அலமாரியில கிளாஸெல்லாம் கிடுகிடுன்னு ஆடுது. என்ன நடக்குது இங்க?"

லியூபிங்கா கண்ணைத் துடைக்காமலே கதவை அகலத் திறந்தாள். "எங்க நெவேனா வாசிக்கிறா."

அவர் கழுத்தை நீட்டி டிவியைப் பார்த்தார். இன்னமும் கூரைதான் ஓடிக்கொண்டிருந்தது. "எங்கம்மா? ஆளையே காணோமே."

"ஆமா வாத்தியாரே, காணோம்" என்றாள் லியூபிங்கா. "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க. இன்னும் முடியல."