மூன்று முறை இழைத்த கதவு

இடித்த கட்டடத்தைத் தூளாக்கி, சுண்ணாம்போடு களிமண்ணில் கலந்து கெட்டிப்படுத்துவது என் தொழில். வாயும் எனக்குக் கொஞ்சம் நீளம். அக்கா வீடு கட்டியபோது, "அடிமண்ணை என்கிட்ட விட்டுடு, நூறு வருஷத்துக்கு அசையாது" என்று அளந்தேன்.

இரண்டு வருடம் கழித்து, என் கலவையை நாற்பது வீடுகளுக்குப் போடலாமா என்று பார்க்க வந்த பொறியாளர் அம்மாவை அங்கேதான் கூட்டிப்போனேன்.

"எங்கயாவது விரிசல் விட்டிருக்கா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"ஒண்ணுகூட இல்லைங்க. என் தம்பி கைராசி அப்படி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. தரையின் மட்டத்தையும் காட்டிப் பெருமையடிக்க, ரசமட்டம் தேடி அக்கா கணவரின் அறைக்குள் போனேன். அவர் கதவைச் சாத்தினார்.

"ரசமட்டம் வேண்டாம் மச்சான்."

சாத்திய கதவின் கீழே மூன்று விரல் இடைவெளி. இழைத்த மரம் புதிதாகத் தெரிந்தது.

"என்ன மாமா இது?"

"கதவு திறக்கிற பக்கம் தரை தூக்குது. தட்டாம இருக்க கதவோட அடியை மூணு தடவை இழைச்சாச்சு. உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னுட்டா உங்க அக்கா. அவன் மூஞ்சி சுண்டிப்போயிடும்னா."

எனக்கு உடனே புரிந்தது. இந்த வீட்டுக்கு அடிமண் போட்ட அன்று வந்த இடிபாட்டு லோடில் உடைந்த ஃபால்ஸ் சீலிங் துண்டுகள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. ஜிப்சம். சுண்ணாம்பு கலந்த களிமண்ணில் அது ஈரத்தோடு சேர்ந்தால் மண் உப்பும். பொறுக்கியெடுக்க அரை நாள் ஆகும். அக்கா வீடுதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று ரோலரை ஏற்றிவிட்டேன்.

கூனிக் குறுகிப்போனேன். இந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே என் மண்ணைப் பற்றி எத்தனை முறை பீற்றியிருப்பேன்! இருவரும் தலையாட்டிக் கேட்டிருக்கிறார்கள்.

கூடத்துக்கு வந்தேன். பொறியாளர் அம்மா கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தார். இந்தத் தரையை நம்பித்தான் அந்தக் கையெழுத்து. நாற்பது வீட்டுக்கும் ஜிப்சம் பொறுக்க ஆள் போடாமல்தான் நான் திட்டம் எழுதிக் கொடுத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டால் போதும்.

சுவரோரம் பெரிய பாய் விரித்திருந்தது. இத்தனை நாளும் அது எதற்கென்று நான் கேட்டதில்லை. மிதித்துப் பார்த்தேன். மேடு காலில் தட்டியது.

"மேடம், கையெழுத்துப் போடாதீங்க. முதல்ல இதைப் பாருங்க."

குனிந்து பாயைச் சுருட்டினேன். பாதிக்கு மேல் வரவில்லை. மறுமுனையை அக்கா இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு நின்றாள்.

"சும்மா இருடா" என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் பாதத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"காலை எடுக்கா."