ஒன்றேகால் இஞ்சு

துணி வெட்டும் மேசையில் அந்த ஊரின் வரைபடத்தை விரித்து, ஒரு மூலையில் கத்தரிக்கோலையும் இன்னொரு மூலையில் என் டீ டம்ளரையும் வைத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பை உருவினாள் என் மனைவி. நான் இன்னும் டீயைக் குடித்து முடிக்கவில்லை. அதைச் சொன்னால், "ஆறிப்போனா சுட வெச்சுத் தர்றேன். டம்ளரை எடுக்காதீங்க, பேப்பர் சுருண்டுக்குது" என்றாள். மூன்று வாரமாக வீட்டில் நடந்துகொண்டிருந்த வழக்கு அன்றைக்குத்தான் தீர்ப்புக்கு வந்தது.

வழக்கு இதுதான்: போகிற ஊரில் எந்த ஏரியாவில் தங்குவது. கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் எங்கள் மகள், ஆறு ஏரியாக்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நட்சத்திரம் என்று போனில் அனுப்பியிருந்தாள். மியூசியம் தெருவுக்கு நாலரை. "அங்க தங்கறவங்க எல்லாம் பெட்டியை உருட்டிக்கிட்டே திரியறாங்க, ஊர்க்காரங்க மூஞ்சியையே பாக்க முடியாதாம்" என்று என் மனைவி அதைத் தள்ளினாள். நாடக அரங்குகள் இருக்கும் பகுதியில் இடம் கிடைக்கவில்லை. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் இடம் சொன்னேன். இருபத்தேழு வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறவன். இன்ஜின் சத்தம் காதில் விழுந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இங்கயும் பஸ்ஸு, அங்கயும் பஸ்ஸா? இந்த ஒரு விஷயத்துல மட்டும் நீங்க ஸ்டியரிங்ல கை வைக்காதீங்க" என்றாள். சரி தாயே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவள் அந்த ஊருக்குப் போக ஆசைப்பட்டதே ஓர் அங்கிக்காகத்தான். பதினோரு வருஷத்துக்கு முந்தைய காலண்டரின் ஒரு பக்கம் அவளுடைய தையல் மிஷினுக்கு நேர் மேலே ஒட்டியிருக்கிறது. ஏதோ ஒரு ராஜாவின் அங்கி. கருஞ்சிவப்புப் பட்டு. அடி மடிப்பில் வேர்விட்டு, இரண்டு பக்கமும் மேலேறி, தோளைத் தாண்டிப் போகும் ஒரு கொடி, முழுக்க ஊசி வேலை. பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம்களைக் குவித்துப் போட்டுக்கொண்டு தைக்கும்போது நூல் அறுந்தால் நிமிர்ந்து அதைத்தான் பார்ப்பாள். கல்யாணத்துக்குப் போன ஊரிலும் மண்டபத்தை விட்டு நழுவி, இங்கே பழைய கட்டடம் எங்கே, படங்கள் வைத்திருக்கும் இடம் எங்கே என்று விசாரிக்கிற ஆள் அவள். ஆனால் இந்தப் படத்தில் முன்பக்கம் மட்டும்தான் தெரியும். "இந்தக் கொடி பின்னாடி போய் என்னதாங்க ஆகுது?" என்று சாப்பாட்டுக்கு நடுவில் கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்? "வாடிப் போயிருக்கும், சோத்தைப் போடு" என்பேன். கல்யாணமோ சாவோ இல்லாமல் நான் என் சர்வீஸில் எடுத்த முதல் லீவு, அந்தக் கொடியின் மறுபக்கத்தைப் பார்க்கப் போவதற்காக எடுத்த ஐந்து நாள்.

டேப்பின் நுனியை மியூசியத்தின் மேல் வைத்து, மகளின் பட்டியலிலேயே இல்லாத ஒரு தெருவரைக்கும் இழுத்தாள். "ஒன்றேகால் இஞ்சு. பாருங்க, ரெண்டு விரக்கடைதான். கதவைத் திறந்தா மியூசியம்." டேப்புக்கு அடியில் குறுக்கே ஒரு நீலக் கோடு ஓடியது. நானும் பார்த்தேன். நீலம் என்றால் தண்ணீர். பாலம் எங்கே என்று கண்ணை ஓட்டினேன். மேசையின் அந்தக் கோடியில், என் டீ டம்ளரை ஒட்டி இருந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஸ்டியரிங்கில் கை வைக்கக் கூடாதல்லவா? அன்றைக்கே அவள் அங்கே ஒரு வீட்டில் அறை பேசிவிட்டாள்.

வியாழக்கிழமை மதியம் போய் இறங்கினோம். கீழே கயிறும் பெயின்ட்டும் விற்கும் கடை, மூன்றாவது மாடியில் எங்கள் அறை. போனதும் போகாததுமாக ஜன்னலைத் திறந்தாள். "ஐயோ, எவ்ளோ கிட்ட!" என்று கத்தினாள். உண்மைதான், மியூசியத்தின் படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் கையில் வைத்திருந்த குடைகூடத் தெரிந்தது. அப்புறம் கீழே பார்த்தாள். சாவி கொடுக்க வந்த கயிற்றுக்கடைக்காரர் பின்னாலிருந்து, "ஆறுதாம்மா நடுவுல. பாலத்துக்குப் போய் ரெண்டு பஸ் மாறுனீங்கன்னா முக்கால் மணி நேரம்" என்றார். அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கணத்துக்காக நான் ஒரு சிரிப்பைப் பத்திரமாக வைத்திருந்தேன். அவள் டேப்பைக் கைப்பையிலிருந்து எடுத்து, விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்ததைப் பார்த்ததும் அது வரவில்லை. எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

சாயங்காலம் ஜன்னலை விட்டு அவள் நகரவே இல்லை. கீழே தெரு மெல்ல நிரம்பியது. அக்கரையின் அரங்குகளிலும் மியூசியத்திலும் வேலை செய்கிறவர்கள் இருப்பதெல்லாம் இந்தத் தெருவில்தான் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அடுத்த வீட்டு வாசலில் ஒருத்தர் பனியனோடு உட்கார்ந்து ட்ரம்பெட்டில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஊதி, ஒரே இடத்தில் தப்பு செய்து, தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அந்த வீட்டுக் குளியலறையிலிருந்து ஒரு பெண் குரல் அந்த வரியைச் சரியாகப் பாடிக் காட்டியது. பக்கத்து மாடிக் கொடியில் வெள்ளைக் கையுறைகள், ஒரு நாற்பது ஜோடி இருக்கும், விரல் விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. இவ்வளவு கை உள்ள குடும்பம் எதுவாக இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "என்னங்க, இங்க டிக்கெட் இல்லாமயே கச்சேரி நடக்குது."

வெள்ளிக்கிழமை இரண்டு பஸ் மாறி மியூசியத்துக்குப் போனோம். அங்கி இருந்தது. காலண்டரில் பார்த்ததைவிடப் பெரியது, நிறமும் ஆழம். அவள் வாயில் கை வைத்துக்கொண்டு, அடி மடிப்பிலிருந்து தோள்வரைக்கும் அந்தக் கொடியைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தாள். பிறகு வலப்பக்கம் போனாள், இடப்பக்கம் போனாள். கண்ணாடிப் பெட்டி சுவரை ஒட்டி இருந்தது. நடுவில் நாலு விரல் இடைவெளிதான். கன்னத்தைச் சுவரில் அழுத்தி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். "அம்மா, சாயாதீங்க" என்றாள் அந்த அறையின் காவல்காரி. சரி என்று நகர்ந்து, ஐந்து நிமிஷத்தில் மறுபடி போய்ச் சாய்ந்தாள். மூன்றாவது தடவை காவல்காரி பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டாள்.

"அப்படி என்னதாம்மா தேடுறீங்க?"

"இதோட முதுகை."

"முதுகா? பத்தொம்பது வருஷமா இங்க நிக்கிறேன். கக்கூஸ் எங்கன்னு கேட்டிருக்காங்க, கேன்டீன் எங்கன்னு கேட்டிருக்காங்க. முதுகை ஒருத்தரும் கேட்டதில்ல."

"முன்பக்கம் எல்லாரும் நல்லாத்தான் தைப்பாங்க. யாரும் பாக்காத எடத்துல என்ன பண்ணியிருக்கான்னு பாக்கணும்ல?"

காவல்காரி சிரித்துவிட்டாள். எங்கே தங்கியிருக்கிறோம் என்று கேட்டாள். சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடக் கடவுளே, அது எங்க தெருவாச்சே! பஸ்ஸுலயா சுத்திக்கிட்டு வந்தீங்க? படகு இருக்கே!" வேலைக்குப் போகிறவர்களுக்காகக் காலையும் சாயங்காலமும் ஓடும் படகு. எந்த வரைபடத்திலும் கிடையாது, ஊருக்கு வருகிற யாருக்கும் தெரியாது; வெளியூர்க்காரர்கள் அதில் ஏற மாட்டார்கள் என்று கயிற்றுக்கடைக்காரரும் சொல்லாமல் விட்டிருக்கிறார். அக்கரைக்குப் போக எட்டே நிமிஷம். என் இருபத்தேழு வருஷ அனுபவத்தையும் இரண்டு பஸ்ஸையும் அந்த எட்டு நிமிஷம் ஒரே வாயில் விழுங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் காவல்காரியோடுதான் படகில் திரும்பினோம். ட்ரம்பெட்காரர் இருந்தார், டிக்கெட் கிழிக்கிறவர்கள் இருந்தார்கள், நாடகத் திரை வரைகிறவர் ஒருவர் முழங்கைவரை நீலமாக உட்கார்ந்திருந்தார். நான் படகுக்காரர் பக்கத்தில் போய் நின்று, தண்ணியில பிரேக் எப்படிப் போடுவீங்க என்று பேச்சைத் தொடங்கினேன். அந்தப் பக்கம் என் மனைவி காவல்காரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகு ஆடியபோது எல்லாரும் மேலே இருந்த கம்பியைப் பிடித்தார்கள். காவல்காரி மட்டும் பெஞ்சைப் பிடித்தாள்.

"கையைத் தூக்க முடியலையா? வலியா?"

"வலியெல்லாம் இல்லக்கா, கோட்டு. போன வருஷம் புதுசா குடுத்தாங்க. தூக்குனா மொத்தமும் சேந்து மேல வருது."

"கோட்டைக் கழட்டு."

"இங்கயா?"

"கழட்டுங்கிறேன்ல. கைக்குழியை எந்த மகராசன் இவ்ளோ கீழ வெட்டுனான்?"

அந்தக் கோட்டு எங்கள் அறைக்கு வந்தது. ட்ரம்பெட் ஊதி முடியும்வரை என் மனைவி ஜன்னலடியில் உட்கார்ந்து, கோட்டின் இரண்டு கையையும் பிரித்து, உள்ளே மடிந்து கிடந்த துணியிலிருந்து சின்னதாக ஒட்டுத் துண்டு வெட்டி, கையாலேயே தைத்துச் சேர்த்தாள். ஊர் சுற்ற வந்த இடத்தில் இது தேவையா என்று கேட்டேன். பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே, "சும்மா இருங்க, எனக்குச் சந்தோஷமா இருக்கு" என்றாள். இருந்தது. முகத்திலேயே தெரிந்தது.

சனிக்கிழமை காலை படகில் ஏறியதும் காவல்காரி கோட்டை மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். தூக்கியவள் இறக்கவே இல்லை. யாரையோ ஏற்றிக்கொள்ளச் சொல்லி சைகை காட்டுகிறாள் என்று நினைத்த படகுக்காரர் ஹார்ன் அடித்துப் படகை மறுபடி கரைக்குத் திருப்பிவிட்டார். படகே சிரித்தது. சாயங்காலம் காவல்காரி மூச்சிரைக்க வந்து சொன்னாள்: மியூசியத்தில் துணிகளைப் பராமரிக்கும் பெரிய மேடம், அவள் ஜன்னல் திரையை எட்டி இழுத்ததைப் பார்த்துவிட்டு, கோட்டைக் கழற்றி வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தாராம். இதைத் தைத்தது யார் என்று கேட்டாராம். "சொன்னேன். முதுகு பாக்கணும்னு வந்திருக்கிற அக்கான்னும் சொன்னேன். திங்கக்கிழமை மியூசியம் லீவு, அன்னிக்குத்தான் அங்கியை எடுத்துத் தூசி தட்டுவாங்க. பத்தரைக்கு வரச் சொன்னாங்க!" என் மனைவி அவளைக் கட்டிக்கொண்டாள். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு எங்கள் ரயில். செவ்வாய் விடிகாலை ஐந்து மணிக்கு எனக்கு முதல் டிரிப். பத்தரைக்குப் போனால் பதினொன்றுக்கு வெளியே, ஸ்டேஷனுக்கு அரை மணி. தாராளமாகப் போதும். ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போகாமல் அந்தத் தெருவிலேயே கிடந்தோம். திரை வரைகிறவர் வீட்டு வாசலில் ஒரு மலையைப் பாதி வரைந்து காயப்போட்டிருந்தார். என் மனைவி அவரோடு ஒரு மணி நேரம் பேசினாள். அந்தக் கையுறைகள் மியூசியத்தில் பொருள்களைக் கையாளுகிறவர்களுடையவை, பக்கத்து மாடிக்காரர்கள்தான் துவைத்துக் கொடுக்கிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை மூட்டை முடிச்சோடு மியூசியத்தின் பின்வாசலில் போய் உட்கார்ந்தோம். பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. பெரிய மேடம் ஏதோ மீட்டிங்கில் மாட்டிக்கொண்டார், இதோ வந்துவிடுவார் என்று காவல்காரி மூன்று தடவை வந்து சொல்லிவிட்டுப் போனாள். நான் கடிகாரத்தைப் பார்ப்பதை என் மனைவி பார்த்தாள். பதினொன்றே காலுக்கு எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"போலாங்க. நீங்க ஒரு நாளும் டூட்டிக்கு லேட்டாப் போனதில்ல. முன்பக்கம் பாத்தாச்சில்ல, அது போதும்."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கைதான் டேப்பைத் தேடிப் பைக்குள் போனது. எனக்குத் தாங்கவில்லை.

"உக்காரு. நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு மேப்புல ஆத்தை நான் பாத்தேன். பாலம் எங்க இருக்குன்னும் பாத்தேன். வேணும்னேதான் சொல்லாம விட்டேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்தா உள்ள ஏதோ இருக்குன்னு எனக்குத் தெரியாதா? என்னன்னுதான் தெரியல. அந்த நீலக் கோட்டை நானும் பாத்தேன். உங்க பஸ் ரூட்டுன்னு நினைச்சுட்டேன்."

அந்தக் காலியான வராந்தாவில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்புக்கு, எங்கேயோ ஒரு கதவு திறந்து மூடியது. நான் அவள் தோளிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தேன். "இருபத்தேழு வருஷமா எத்தனை பேர் பின்னாடி ஓடி வந்து கையைக் காட்டியிருப்பாங்க. டைம் ஆச்சுன்னு நிக்காமப் போயிருக்கேன். ஒரு தடவை இந்த ரயிலு என்னையும் விட்டுட்டுப் போகட்டுமே. டெப்போவுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கிறேன்" என்றேன்.  அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பெரிய மேடம் வந்தார். மன்னிப்புக் கேட்டார். ஒருத்தருக்குத்தான் அனுமதி என்றார். என் மனைவியின் கைகளைத் திருப்பிப் பார்த்து, வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி கொடுத்து, "போட்டுக்கங்க, ஆனாலும் தொடக் கூடாது. சத்தியமா?" என்றார். "சத்தியமா" என்றாள். கதவைச் சாத்தாமல் விட்டார்கள், எனக்காகத்தான் என்று நினைக்கிறேன். உள்ளே நீள மேசை, வெள்ளைத் துணி, அதன்மேல் கருஞ்சிவப்பாகக் குப்புறக் கிடந்தது அங்கி. நான் நின்ற இடத்திலிருந்து அதன் கீழ்மடிப்பு மட்டும் தெரிந்தது. மீதியை என் மனைவி மறைத்துக்கொண்டு குனிந்திருந்தாள்.  நான் சொன்ன மாதிரி கொடி வாடித்தான் போயிருக்குமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னங்க!" திரும்பாமலேயே கூப்பிட்டாள். "முன்னாடி வெறும் இலைதாங்க. பூ பூராவும் முதுகுல வெச்சிருக்கான்! அந்த ராஜா சாஞ்சு உக்காந்தா ஒருத்தருக்கும் தெரியாது. ஐயோ, எத்தனை பூ!"

பன்னிரண்டரை ஆகியிருக்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவள் சொன்ன சொல் தவறாமல், தொட்டுவிடக் கூடாதென்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கைதான் கட்டியிருந்தது. அந்த வெள்ளைக் கையுறைகளுக்குள் விரல்கள் சும்மா இல்லை. ஊசியும் இல்லாமல் நூலும் இல்லாமல், குத்தி எடுத்து, இழுத்து, மறுபடி குத்தி, ஒவ்வொரு இதழாகத் தைத்துக்கொண்டே இருந்தன.