நிறுத்திய படத்தில் தூசி

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பல்லுக்காரர் ஜன்னல் திரைகளை இழுத்து மூடி, நடுவில் விழுந்த வெளிச்சக் கீற்றைத் துணிக் கிளிப்புகளால் கவ்வி அடைத்தார். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு, விளிம்பில் மட்டும் விரல் படும்படி டிஸ்க்கை எடுத்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு பிளேயரின் தட்டில் வைத்தார். பக்கத்து அறையில் தையல் மெஷின் சத்தம் நின்றது. மனைவி எழுந்து வந்து இடையிலிருந்த கதவைச் சாத்திவிட்டுப் போனாள். கல்யாணமான புதிதிலிருந்து நடக்கிற காரியம் இது; அதில் கோபதாபம் எதுவும் கிடையாது. பேய்ப் படம் அவருக்கு, கதவு அவளுக்கு என்று எப்போதோ பாகம் பிரித்துக்கொண்டாகிவிட்டது. அலமாரியில் டிஸ்க் உறைகளைத் துடைக்கும்போது மட்டும் அவள் எல்லா முகங்களையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவாள். அவர் மறுபடி திருப்பி வைப்பார்.

பல்லுக்காரர் என்பது தொழிலால் வந்த பெயர். டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துச் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவருக்கு வேலை. ஒருவருடைய சொந்தப் பற்களோடு ஒட்டிப்போகிற வெள்ளை எது என்று அவர் சொல்லிவிட்டால் அங்கே மறுபேச்சு இல்லை. வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று அறிந்த அதே கண்ணை வைத்துக்கொண்டுதான் வீட்டில் பழைய பேய்ப் படங்களின் டிஸ்க்குகளை அவர் எடைபோட்டார். படம் நல்ல படமா என்பதல்ல விஷயம். அந்தப் படங்களை ஏற்கெனவே வசனம் வசனமாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிற ஒரு சின்னக் கூட்டம் உலகத்தில் இருக்கிறது. அவர்களுக்குத் தெரிய வேண்டியதெல்லாம், புது டிஸ்க்கில் இருட்டு இருட்டாக இருக்கிறதா அல்லது சாம்பலாக வெளுத்துக் கிடக்கிறதா, பிலிமின் மணல் மணலான மேனி தெரிகிறதா அல்லது மெழுகு பூசி வழித்துவிட்டார்களா, கீறல் உண்டா, தூசி உண்டா என்பதுதான். இணையத்தில் பல்லுக்காரர் எழுதுவதைப் படித்துவிட்டுத்தான் அவர்கள் வாங்குவார்கள். எவர் கண்ணுக்கும் தப்பிவிடுகிற தூசி அவர் கண்ணுக்குத் தப்பாது என்பதால் அவர்களிடையே அவருக்குத் தூசி அண்ணன் என்று பெயர்.

பேய்க்கு அவர் பயந்ததே இல்லை. திரையில் ஏதோ ஒன்று கதவைத் திறந்துகொண்டு வரும்போது, அதன் முதுகுக்குப் பின்னால் இருட்டு கட்டம் கட்டமாக உடைகிறதா என்று அவர் முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். உங்களைப் பார்த்தால் அந்தப் பேய்க்கே கூச்சமாகிவிடும் என்பாள் மனைவி.

இன்று போட்டிருந்தது ஏற்கெனவே பார்த்து எழுதிவிட்ட படம். கடலோரக் கலங்கரை விளக்கத்தில் தனியாக வசிக்கும் ஒரு விதவை. கீழ்த்தளத்தில் யாரோ துணி துவைக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள், அவள் துவைக்காத ஒரு வெள்ளைத் துணி கொடியில் காய்கிறது. காற்றே இல்லை. துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முகம் மெல்ல மெல்ல அழுந்துகிறது. இவ்வளவுதான் கதை. எடுத்தவர்கள் அதற்குப் பிறகு வேறு படமே எடுக்கவில்லை. பிரதிகள் எல்லாம் அழிந்து, பூஞ்சை பிடித்த ஒரே ஒரு பிரதி ஏதோ கொட்டகையில் கிடைத்ததை ஒரு பெண்ணும் அவள் கணவனும் வாங்கி, பிலிமின் ஒவ்வொரு படச்சட்டமாகத் துடைத்து, தங்கள் முதல் டிஸ்க்காகக் கொண்டுவந்திருந்தார்கள். விற்பனைக்கு வருவதற்கு முன்பே ஒரு பிரதியை மரியாதையோடு அவருக்கு அனுப்பியிருந்தார்கள்.

அவர் எழுதியது இப்படி: 'வெள்ளைத் துணிக் காட்சி முழுக்கத் தூசி மிதக்கிறது. ஓரத்தில் அவ்வப்போது வெளிச்சம் வெட்டுகிறது. இடது கீழ் மூலையில் நிழல் படிந்திருக்கிறது. அவசரத்தில் கைகழுவிவிட்ட வேலை. வாங்காதீர்கள்.'

முன்பதிவு செய்திருந்த பலர் உடனே வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். முன்கூட்டியே டிஸ்க் கிடைத்த ஒன்றிரண்டு பேர் மட்டும், தங்களுக்கு எதுவும் தெரியவில்லையே என்று தயங்கித் தயங்கி எழுதினார்கள். டிவியை மாற்றுங்கள் தம்பி என்று பதில் போட்டார் பல்லுக்காரர். ஆனாலும் மனசில் ஒரு முள். அதனால்தான் மறுபடி பார்க்க உட்கார்ந்தார். இந்த வாரம் கூடத்தில் வேலை செய்யும்போது ஒரு கொசு அவரை விடாமல் சுற்றியதும், அதை அவர் கையால் விரட்டிக்கொண்டே இருந்ததும், பக்கத்து மேஜைக்காரன், "என்னண்ணே, யாருக்கு டாட்டா காட்டுறீங்க?" என்று கேட்டதும் அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"சார், அந்தக் கலங்கரை விளக்கப் படத்தைச் சுத்தம் பண்ணினவ பேசறேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படிப்பட்ட அழைப்புகள் அவருக்குப் புதிதல்ல. கோபித்துக்கொள்வார்கள், அழுவார்கள், ஒருத்தர் வக்கீல் பெயரைக்கூடச் சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் சொல்வதற்கு அவரிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும்: கண்ணில் பட்டதைத்தானே எழுத முடியும். ஆனால் அந்தப் பெண்ணின் குரலில் சண்டை இல்லை. அவர் எழுதியதைப் படித்த பிறகு தானும் கணவனுமாகப் படத்தை முதலிலிருந்து உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னாள். தங்கள் டிவியில் பார்த்தார்களாம், எதிர்வீட்டு டிவியில் பார்த்தார்களாம், பிறகு கம்ப்யூட்டரில் சட்டம் சட்டமாகப் பார்த்தார்களாம். அவர் சொன்ன தூசி எங்கேயும் இல்லை. தப்பு தன்னுடையதாக இருந்தால் திருத்திவிட ஆசைப்பட்டுத்தான் தேடியதாகச் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கினாள்.

"படம் இப்ப பக்கத்துல இருக்கா சார்? வெள்ளைத் துணிக்குப் போயி அப்படியே நிறுத்துங்க."

நிறுத்தினார். திரை முழுக்க வெள்ளைத் துணி. நடுவில் பாதி உருவான முகம், மூக்கும் நெற்றியும் மட்டும்.

"தூசி தெரியுதா?"

"நல்லாவே தெரியுதும்மா. நடுவுல ஒரு கொத்து. நூல் மாதிரி ஒண்ணு. எத்தனை வருஷமா பாக்கறேன், இது கூடவா தெரியாது?"

"நகருதா?"

நிறுத்திய படத்தில் எதுவும் நகராது என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றார்.

நகர்ந்தது. திரையின் மூலையில் நிறுத்தக் குறி அசையாமல் நின்றது. துணி நின்றது. துணிக்குப் பின்னாலிருந்த முகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அதற்கு முன்னால் அந்தக் கறுப்பு நூல் மட்டும், தண்ணீருக்குள் ஏதோ உயிருள்ளது இறங்குவதைப்போல, அவசரமில்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை நேராகப் பார்க்கப் போனார், விலகி ஓடியது. கண்ணை அசைக்காமல் இருந்தார். மெல்லத் திரும்பி வந்தது. ரிமோட்டை எடுத்து மறுபடி அழுத்தினார். படம் ஓடியது. மறுபடி அழுத்தினார். நின்றது. நூல் நிற்கவில்லை. 

"சார்? ஒரு கண்ணை மூடிப் பாருங்க. அப்புறம் இன்னொண்ணு."

வலது கண்ணைப் பொத்தினார். துணி வெளுத்தது. அப்படி ஒரு வெள்ளையை எந்த டிஸ்க்கிலும் அவர் பார்த்ததில்லை. நெய்த இழை தெரிந்தது, ஈரத்தின் கனம் தெரிந்தது, ஒரு புள்ளி இல்லை. யாரோ மாதக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்த சுத்தம் அது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. கையை மாற்ற அவருக்குத் தைரியம் வரவில்லை.

மாற்றினார். இடது கீழ் மூலையிலிருந்து கறுப்பு எழும்பி நின்றது. எழுதிய அன்று அது மூலையில்தான் இருந்தது. இப்போது திரையின் விளிம்பைத் தாண்டி, டிவி மேஜையையும் சுவரையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு, அந்த முகத்தின் கன்னம் வரை வந்திருந்தது.

மடியிலிருந்த ரிமோட் கீழே விழுந்த சத்தத்திலேயே அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது.

"எங்க அண்ணன்தான் எனக்குப் பிலிம் துடைக்கக் கத்துக்குடுத்தாங்க," என்றாள். "கடைசியில துடைச்சதையே துடைச்சிக்கிட்டிருந்தாங்க. இன்னும் அழுக்கு இருக்கு, இன்னும் இருக்குன்னு. நாங்கல்லாம் கேலி பண்ணோம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள ஒரு கண்ணே போயிடுச்சு. நீங்க எழுதினதைப் படிச்சதும் முதல்ல கோவம்தான் வந்துச்சு. அப்புறம் மறுபடி படிச்சேன். மிதக்குதுன்னு எழுதியிருந்தீங்க. பிலிம்ல ஒட்டின தூசி அடுத்த சட்டத்துல இருக்காது. பளிச்சுனு வரும், போகும். மிதக்காது அண்ணா."

எந்த நொடியில் சார் அண்ணாவானார் என்று இருவருக்கும் தெரியாது.

"நான் எழுதினது..." என்று ஆரம்பித்தார்.

"அது கெடக்கட்டும். நாளைக்குன்னு வைக்காதீங்க, இப்பவே கெளம்புங்க. வீட்ல யாரு இருக்கா? அவங்ககிட்ட போனைக் குடுங்க."

அவர் தடுமாறி எழுந்து, எத்தனையோ வருஷமாகப் படம் ஓடும்போதெல்லாம் சாத்தியே கிடந்த அந்தக் கதவைத் திறந்தார். மனைவி தலையைத் தூக்கினாள். அவர் தோளுக்கு மேலாகத் திரையிலிருந்த அரை முகம் அவளுக்குத் தெரிந்தது; ஆனால் அவள் பயந்தது அதைப் பார்த்தல்ல. போனை வாங்கி, ம், ம் என்று கேட்டுக்கொண்டே கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். போகும்போது துணிக் கிளிப்புகளைப் பிடுங்கிப் போட்டுத் திரைகளை விலக்கினாள். வெளிச்சம் தடதடவென்று உள்ளே வந்தது. வெளிச்சத்திலும் அந்தக் கறுப்பு அப்படியேதான் இருந்தது.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். கண்ணுக்குள் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை கிழிந்து, ஈரச்சுவரிலிருந்து காகிதம் உரிகிற மாதிரி உரிந்துகொண்டு வருகிறது. நடுப்பகுதி ஊசலாட்டத்தில் இருக்கிறது. உடனே அறுவை செய்ய வேண்டும். எவ்வளவு பார்வை மிஞ்சும் என்று இப்போது வாக்குக் கொடுக்க முடியாது. எல்லாவற்றையும் இதமாகத்தான் சொன்னாள். அவருக்குக் கேட்டதெல்லாம் உரிகிற சத்தம்.

தாழ்வாரத்து நாற்காலியில் கண்ணில் மருந்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கைகளை முழங்கால்களுக்கு நடுவில் திணித்து வைத்துக்கொண்டார். எத்தனை பேய்கள், எத்தனை பாழும் மாளிகைகள்! ஒன்றாவது இந்த வெண்சுவர்த் தாழ்வாரத்தைப்பற்றி அவரிடம் சொல்லியிருக்கக் கூடாதா? பக்கத்தில் மனைவியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. தினமும் அவள் முணுமுணுக்கிற பிரார்த்தனைதான். அவர் படம் பார்க்கும்போதெல்லாம், கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கள் என்று கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பாள்.

"கொஞ்சம் சத்தமா சொல்லேன்," என்றார் அவர்.

அவள் சத்தமாகச் சொன்னாள். அது முடிந்ததும் அவர் போனை எடுக்கச் சொல்லி, எழுதவேண்டியதைச் சொன்னார். தையல்காரியின் ஒற்றை விரல் எழுத்து எழுத்தாகத் தேடிக் குத்தியது. 'டிஸ்க்கில் தூசி இல்லை. என் கண்ணில் இருந்தது. நான் பார்த்ததிலேயே சுத்தமான வெள்ளை இந்தப் படத்தில்தான் இருக்கிறது. வாங்குங்கள்.' அனுப்புவதற்கு முன்னால் அவருக்குச் சொல்லாமல் அவளாக ஒரு வரி சேர்த்தாள்: 'இவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.' அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போன பிறகு அந்தப் போன் நிற்காமல் அதிர்ந்துகொண்டிருந்தது. முகம் தெரியாத அந்தப் பேய்ப் படக் கூட்டம் முழுக்க, எந்தெந்த அறைகளிலோ, தூசி அண்ணனுக்காகக் கைகூப்பியிருந்தது. மனிதர்களைக் கொஞ்சம் நம்பிப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை வைத்து அனுப்பினார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடித்து ஒட்டவைக்கும். அதற்காக அவர் தலையைக் கவிழ்த்தே இருக்கவேண்டும். உட்கார்ந்தாலும் தரை, படுத்தாலும் தரை. பள்ளிச் சீருடைத் துணியின் மிச்சத்தில் அவள் வளையம்போல ஒரு தலையணை தைத்துக் கொடுத்தாள். அதில் நெற்றியைப் பதித்துக்கொண்டு வீட்டுத் தரையின் ஒவ்வொரு கல்லையும் நல்ல கண்ணால் பார்த்துத் தீர்த்தார். கட்டைப் பிரித்த பிறகும், அந்த நல்ல கண்ணை மூடிவிட்டு மற்றதால் பார்க்க மட்டும் அவர் துணியவில்லை. இன்னிக்குப் பாத்தீங்களா என்று அவள் கேட்பாள். நாளைக்கு என்பார். பார்க்காத வரைக்கும் பார்வை போகவில்லை.

சுத்தம் செய்த பெண் இடையிடையே கூப்பிட்டு விசாரித்தாள். ஒரு மதியம் பேசி முடித்த பிறகு, அந்தப் படத்தின் சத்தத்தை மட்டுமாவது கேட்கவேண்டும் போலிருக்கிறது என்றார் பல்லுக்காரர். மனைவி எழுந்து போனாள். குழாயில் கை கழுவும் சத்தம் கேட்டது. திரைகளை இழுக்கும் சத்தம். பிளேயரின் தட்டு வெளியே வந்து உள்ளே போகும் சத்தம். நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தாள்.

"பயமாயிருந்தா நிறுத்திடு."

"நீங்க பேசாம இருங்க. நான் சொல்றேன், கேளுங்க."

சொன்னாள். அந்த விதவைப் பெண் படியிறங்குகிறாள், கையில் விளக்கு இருக்கிறது, அடிப்பாவி எதுக்கு இறங்குறா, போகாதடி. அவருக்குச் சிரிப்பு வந்தது. தலை ஆடக்கூடாதென்று அடக்கிக்கொண்டார். கீழ்த்தளத்தில் துணி அடிக்கும் சத்தம் தெளிவாக, இரைச்சலில்லாமல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"துணி வந்துடுச்சுங்க."

"தூசி?"

"துளிகூட இல்ல." கொஞ்சம் பொறுத்து, குரலே மாறி, "ஏங்க, உள்ள இருந்து ஏதோ வருது," என்றாள். அவள் கை துழாவி வந்து அவர் கையைப் பிடித்தது. 

திரையின் வெள்ளை, தரைக்கல்லில் விழுந்து கிடந்தது. நல்ல கண்ணுக்கு அது தெரிந்தது. அவர் அந்தக் கண்ணை மூடினார்.

சாம்பல் தண்ணீர் ஒன்று ததும்பியது. வேறொன்றுமில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரின் விளிம்பில், நகக்கீற்று அளவுக்கு, வெளுப்பாக ஒரு கோடு. எந்த வெள்ளை என்று சொல்லத் தெரியவில்லை. மனைவியின் பிடி இறுகியது. அந்தக் கோடு அங்கேயே நிற்கிறதா, நகர்ந்து போகிறதா என்று அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.