எண்பத்தைந்துக்கு மேலே பத்து

இறங்க வேண்டிய விமானம் இறங்க மறுத்தது. ஓடுபாதைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில், "சரி, வரேன்" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று அரைமணி நேரம் பேசும் விருந்தாளியைப் போல மிதந்துகொண்டே போனது. பாதையின் கடைசியில் இருந்த வேலி முதலில் ஒரு கோடாகத் தெரிந்தது. பிறகு கம்பி கம்பியாகத் தெரிந்தது.

"என் கையில" என்றாள் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர். நான் கையை எடுத்துக்கொண்டேன். அவள் பதறாமல் பவரைக் கூட்டினாள். மூக்கு நிமிர்ந்தது. வேலி எங்களுக்குக் கீழே போய்விட்டது.

"நாலாவது தடவை, மாமா."

பயிற்சியாளர் என் மருமகள், மகனின் மனைவி. வீட்டில் எல்லோரும் அவளைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். மகனுக்கு ஊஞ்சலில் ஏறினாலே வயிற்றைப் புரட்டும்; அவன் மருந்துக்கடை வைத்திருப்பது ஒருவகையில் தற்காப்பு. கேப்டனுக்கு இப்போது ஆறாவது மாதம். வெள்ளிக்கிழமையோடு அவள் பறப்பதை நிறுத்திவிட வேண்டும், அது விதி. அன்றைக்கு வியாழக்கிழமை.

நான் கதவுக்கீல், தாழ்ப்பாள், திருகாணி மொத்த வியாபாரி. பதினொரு வருடமாகச் சின்ன விமானம் ஒன்றை ஓட்டி வந்தேன். அதற்கும் எனக்கும் பொருத்தம் நன்றாகவே இருந்தது: இரண்டு பேருக்கும் சத்தம் அதிகம், வேகம் குறைவு, அடுத்தவர் தப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. போன மாதம் என் நண்பரான பல் டாக்டரோடு பாதிக்குப் பாதி சேர்ந்து இந்த டர்போப்ராப்பை வாங்கினேன். ஒரே எஞ்சின்தான், ஆனால் அதற்குள் எழுநூறு குதிரை. நீண்ட மூக்கு, அதன் நுனியில் என்னைவிட உயரமான விசிறி. மேலே இருக்கும்போது தங்கம். இறங்கும்போதுதான் மாமியார்.

இந்த வயதில் இது எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பதில் சொன்னேன். உண்மையான பதில் என் மனைவியின் முதுகு. எங்கள் ஊரிலிருந்து மகன் ஊருக்குச் சாலையில் பத்து மணி நேரம். ரயில் கிடையாது. போன தடவை காரில் வந்துவிட்டு எட்டு நாள் பலகையில் படுத்துக் கிடந்தாள். பழைய விமானத்தின் நடுக்கமும் அவளுக்கு ஆகாது. இது ஒரு மணி பத்து நிமிடத்தில், மடியில் தம்ளர் வைத்தாலும் தண்ணீர் சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்துவிடும். குழந்தை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கேட்டது. முப்பத்திரண்டு வருடத்தில் அவள் என்னிடம் நேராகக் கேட்டது மொத்தம் மூன்று. முதல் இரண்டையும் நான் பேரம் பேசிக் குறைத்துவிட்டேன்.

ஆனால் பயிற்சியாளர் என் பறப்புப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்வரை இந்த விமானத்தில் யாரையும் ஏற்றக்கூடாது என்பது காப்பீட்டுக்காரர்களின் நிபந்தனை. அந்தக் கையெழுத்தைப் போடக்கூடியவள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கேப்டன் ஒருத்திதான். அடுத்த ஆள் வர நாலு மாதம் ஆகும். குழந்தை மூன்றரை மாதத்தில் வந்துவிடும்.

பயிற்சி அறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை, காபி என்ற பெயரில் எதையோ துப்பும் ஒரு இயந்திரம். கேப்டன் பலகையில் 85 என்று எழுதினாள்.

"பாதை தொடங்குற இடத்துல உங்க வேகம் எவ்வளவு இருக்கணும் மாமா?"

"எண்பத்தஞ்சு."

"எவ்வளவுல வந்தீங்க?"

"கொஞ்சம் முன்னே பின்னே."

"பின்னே இல்ல, முன்னேதான். தொண்ணூத்தஞ்சு."

"தொண்ணூறுன்னு வச்சுக்கலாமே."

"வச்சுக்கலாமேவா? இது என்ன தாழ்ப்பாளா?"

"எண்பத்தெட்டு. அதுக்குக் கீழே எனக்குக் கட்டாதும்மா."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை மூடினாள். "நான் இறங்கி வரலாம் மாமா. அந்த ரன்வே இறங்கி வராது. பத்து கூட வச்சீங்கன்னா சக்கரம் தரையைத் தொடவே தொடாது, மிதந்துக்கிட்டே வேலிக்குப் போயிடுவீங்க. பழைய வண்டியில சரிக்கட்டிடலாம். இதுல முடியாது."

மத்தியானம் அவள் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டே போனேன். வேகம் தொண்ணூற்றாறு காட்டியது. குறைக்க வேண்டுமே என்று பவர் கைப்பிடியைக் கடைசிவரை பின்னால் இழுத்துவிட்டேன். அப்படிச் செய்தால் முன்னால் இருக்கும் பெரிய விசிறி காற்றுக்குக் குறுக்கே சுவர் மாதிரி நின்றுகொள்ளும் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். உடம்புக்குத் தெரியாது. விமானம் மூட்டை விழுவதுபோல விழுந்தது. கேப்டன் சட்டென்று பவரைக் கொடுத்துத் தாங்கினாள். அப்படியும் சக்கரம் தரையில் மோதி, ஒரு தடவை துள்ளி, பிறகு உட்கார்ந்தது.

அவளுடைய இடது கை கைப்பிடியில் இருந்தது. வலது கை வயிற்றுக்குப் போயிருந்தது. அரை நொடிதான், உடனே எடுத்துவிட்டாள். நான் பார்த்துவிட்டேன் என்பதையும் பார்த்துவிட்டாள்.

"ஒண்ணும் இல்ல மாமா. இதைவிட மோசமா உங்க பையன் பைக் ஓட்டுவாரு."

அன்று சாயங்காலம் மகன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது மனைவி ஃபோன் செய்தாள்.

"ஏங்க, பாஸா ஃபெயிலா?"

"நாளைக்குத்தான் தெரியும்."

"அப்ப ஃபெயிலு. பாஸுன்னா நீங்களே ரெண்டு தடவை கூப்பிட்டிருப்பீங்க." உடனே குரலைத் தணித்துக்கொண்டாள். "முடியலைன்னா விடுங்க. பொண்ணு பக்கத்துல இருக்கிறப்ப வித்தை காட்ட வேண்டாம். நான் வீடியோவுல பாத்துக்கறேன்."

விடுங்க என்று அவள் சொன்ன விதத்தில் விடவே முடியாது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை காலை லேசான பக்கக் காற்று. முதல் சுற்றில் தொண்ணூற்றைந்து. மிதந்தேன், எழுந்தோம். இரண்டாவது சுற்றிலும் அதே தொண்ணூற்றைந்து. கேப்டன் மூன்றாவதுக்குப் போகச் சொல்லவில்லை. தானே இறக்கி, ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள்.

"மாமா, நீங்க தடுமாறினீங்கன்னா ஒரு தடவை எண்பது வரும், ஒரு தடவை நூறு வரும். உங்களுக்கு எப்பவும் சரியா பத்துதான் கூடுது. இது தப்பு இல்ல, கணக்கு. யாருக்கு இந்தப் பத்து?"

நான் வெளியே பார்த்தேன். புல் வெட்டும் வண்டி ஒன்று ஓடுபாதையின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் கடையில் ஒரு டஜன் கீல் வாங்கினால் திருகாணி எண்ணிப் போட்டபிறகு நாலு கொசுறு விழும். என் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். கேட்காமல் போட வேண்டும். கேட்டபிறகு போட்டால் அது கொசுறு இல்லை, தண்டம். வேண்டியவர்கள் வந்தால் நாலு எட்டாகும். கையே போட்டுவிடும், மனதைக் கேட்காது.

"கொசுறும்மா. உனக்கு அஞ்சு" என்றேன். "உள்ளே இருக்கிறவங்களுக்கு அஞ்சு."

கேப்டன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன், மூக்கை உறிஞ்சினாள். பிறகு உண்மையாகவே சிரித்தாள்.

"மெதுவா வந்தா விழுந்துடுவோமோன்னு பயம், அப்படித்தானே மாமா?"

"ஆமா."

"அதுக்காக எங்க ரெண்டு பேரையும் வேலிக்குக் கொண்டு போறீங்க."

"அப்படிச் சொன்னா கேக்க நல்லாவா இருக்கு?"

"மாமா, ஒரு கடையில விலை படியலைன்னா என்ன செய்வீங்க?"

"எழுந்து வந்துடுவேன்."

"கோபமா?"

"சேச்சே. சிரிச்சுக்கிட்டே. அப்பத்தான் திரும்பப் போக முடியும்."

"அப்ப மேலே மட்டும் ஏன் உக்காந்தே இருக்கீங்க? வேகம் கூடிப்போச்சுன்னா எழுந்து வாங்க. ஆனா பவரை அள்ளி வீசாதீங்க. எழுநூறு குதிரையும் ஒரே நேரத்துல கிளம்பிச்சுன்னா மூக்கு இடது பக்கம் இழுக்கும், வண்டியே புரளப் பாக்கும். மெதுவா தள்ளணும், வலது காலை அழுத்தணும். பதறாத காரியம் சிதறாது." சொல்லிவிட்டுத் தன் பக்கத்து பெல்ட்டைக் கழற்றினாள். "கொசுறு வாங்குற ஆளுங்க ரெண்டு பேரும் இறங்கிக்கிறோம். தனியாப் போக எழுதித் தரேன். நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

கையில் ஒரு சின்ன ரேடியோவோடு புல்லில் போய் நின்றுகொண்டாள். ஆரஞ்சு நிறச் சட்டை, ஒரு கை இடுப்பில். மேலிருந்து பார்க்க, யாரோ மறந்து வைத்துவிட்டுப்போன குடம்போல இருந்தாள்.

வலப்பக்கம் காலி இருக்கை. கடைசித் திருப்பம் முடிந்து பாதை எதிரே வந்தது. வேகத்தைப் பார்த்தேன். தொண்ணூற்று மூன்று. வாடிக்கையாளர் கடையை விட்டுப் போய்விட்டார், என் கை இன்னும் திருகாணி போட்டுக்கொண்டிருந்தது.

பவரைக் கடைசிவரை இழுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நேற்று விழுந்த மூட்டை ஞாபகம் வந்தது. இப்படியே மிதந்து எப்படியாவது வைத்துவிடலாம் என்று இன்னொரு யோசனை. வேலியும் ஞாபகம் வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாளே, தோற்றமாதிரி ஆகிவிடுமே என்பது மூன்றாவது. ஐம்பத்தெட்டு வயதில் எத்தனை கடைப்படி இறங்கியிருக்கிறேன்! ஒரு தடவைகூடத் தோற்றதாக நினைத்ததில்லையே.

எழுந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே பவரைத் தள்ளினேன். மூக்கு இடப்பக்கம் முரண்டு பிடித்தது. வலது காலை அழுத்தினேன். மூக்கு நேரானது. ஓடுபாதை கீழே இறங்கிப் போயிற்று. ஆரஞ்சுச் சட்டை சின்னதாயிற்று.

"நல்லா எழுந்தீங்க மாமா" என்றாள் ரேடியோவில். அவ்வளவுதான்.

அடுத்த சுற்றில் திருப்பத்துக்கு முன்பே பவரைக் குறைத்து வைத்தேன். தொண்ணூறு. எண்பத்தெட்டு. எண்பத்தாறு. எண்பத்தைந்து. எனக்கு அது மிக மெதுவாகப் பட்டது; காற்றில் நிற்கிறோமோ என்றுகூடத் தோன்றியது. விமானத்துக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. பாதைக்கு மேலே வந்ததும் பவரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். மூக்கைச் சற்றே தூக்கிப் பிடித்தேன். பின்சக்கரங்கள் இரண்டும், பேரம் முடிந்தபின் கல்லாவில் வைக்கும் கைபோலத் தரையில் படிந்தன. பாதையில் பாதிகூடத் தீரவில்லை.

ஓரமாக நிறுத்தியதும் கேப்டன் புல்லைத் தாண்டி வந்தாள். கதவைத் திறந்து, ஒவ்வொரு படியாக ஏறி, உட்கார்ந்து, பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டாள்.

"தனியா யார் வேணும்னாலும் எண்பத்தஞ்சுல வருவாங்க" என்றாள். "இப்ப எங்களையும் வச்சுக்கிட்டு வாங்க."

எல்லாச் சுற்றையும்விடக் கஷ்டமான சுற்று அதுதான். தொண்ணூறு வந்ததும் இன்னும் குறைக்காதே என்று கை கெஞ்சியது. காற்று ஒரு தட்டுத் தட்டியது. இத்தனை நாளும் அவளுடைய இடது கை என் கைக்குப் பின்னால், தொடாமல், ஒரு விரல் தூரத்தில் தயாராக இருக்கும். ஓரக்கண்ணால் தேடினேன். காணவில்லை. இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் கோத்து வைத்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்தைந்தில் இறங்கினேன்.

ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்ததும், அவள் பறப்புப் புத்தகத்தைத் தொடைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். மை உலர ஊதினாள். உடனே ஃபோனை எடுத்தாள். "அத்தை, பையைக் கட்டுங்க. ஆமா, பாஸு. இல்ல இல்ல, இரக்கப்பட்டு எல்லாம் போடல. மெதுவா ஓட்டுவாரான்னா கேக்கறீங்க? இப்பத்தான் மெதுவா வரக் கத்துக்கிட்டாரு."

அந்தப் பக்கம் என் மனைவி என்ன சொன்னாளோ, கேப்டன் ஃபோனை என் காதில் வைத்தாள்.

"ஏங்க" என்றாள் மனைவி. "அந்த நீலப் பெட்டி போதுமா, இல்ல பெருசா எடுக்கவா?"

"பெருசையே எடு" என்றேன். வாழ்க்கையில் முதல்தடவையாகக் குறைத்துக் கேட்கவில்லை.

நான் பெல்ட்டைக் கழற்றக் கையைக் கொண்டுபோனேன். கேப்டன் தடுத்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஓடுபாதையைப் பார்த்தாள்.

"மாமா, ஒரு சுத்து போலாமா? பாடம் எல்லாம் முடிஞ்சுது. சும்மா... கொசுறு."

நாளைமுதல் இவள் பறக்க மாட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாரம் முழுக்க எனக்கு வேண்டிய கையெழுத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த இருக்கையை விட்டு இறங்கப்போகிறவள் அவள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்காமலே நான் போட்டிருக்க வேண்டும்.

"உன் கையில" என்றேன்.

அவள் எழுப்பினாள். ஊரின்மேல் ஒரு பெரிய வட்டம் போட்டாள். மருந்துக்கடையின் பச்சைப் பலகை தெரிந்ததும் இறக்கையை லேசாக ஆட்டினாள். கீழே என் மகன் கவனித்திருக்க மாட்டான், பாவம், கவனித்திருந்தால் அவனுக்குத் தலை சுற்றியிருக்கும். திரும்பி வரும்போது பழக்கதோஷத்தில் வேகத்தைப் பார்த்தேன். எண்பத்தைந்து. அதற்கு மேலே ஒன்றுகூட இல்லை. சக்கரம் எப்போது தரையைத் தொட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தியபிறகும் அவள் எஞ்சினை அணைக்கவில்லை. கையை அந்தக் கைப்பிடிமேல் வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. எரிபொருள் வீணாகிறதே என்று சொல்லத் தெரிந்த வாய்தான் எனக்கு. சொல்லவில்லை.