கணக்கில் வராத சுற்று

டெல்மருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பென்சில்வேனியாவின் அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் இருந்த பெரிய ரோலர் கோஸ்டர்களை மதியத்துக்குள் முடித்துவிட்டார். கடகடவென்று உலுக்கும் மரத் தண்டவாளம், தலைகீழாகச் சுற்றும் இரும்பு, காலைத் தொங்கவிட்டுப் பறப்பது எல்லாம், ஏறியவற்றை எண்ணிவைக்கும் அவர் நோட்டில் பதிந்தாயிற்று. பாக்கி, குழந்தைகளுக்கான குட்டி கோஸ்டரான கம்பளிப்பூச்சி ரயில் ஒன்றுதான். கூட ஒரு குழந்தை இல்லாமல் பெரியவர்களை அதில் விடமாட்டார்கள்.

"அறுபது வயசுல பிள்ளை இரவல் கேட்டு அலையிற ஆளை இப்பதான் பாக்குறேன்," என்றாள் மனைவி லோர்னா.

அவர் காதில் வாங்கவில்லை. வேலியோரம் நின்ற நிறைமாதக் கர்ப்பிணியிடம் போய்க் கெஞ்சினார். "கூட்டிட்டுப் போங்க, என்னாலதான் ஏற முடியாது," என்று சிரித்தபடி அவள் தன் ஆறு வயது மகள் டெஸ்ஸாவை அனுப்பினாள்.

முட்டி இடிக்க உட்கார்ந்தார். ரயில் இரண்டு சுற்று நெளிந்து நின்றது. இறங்கியதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே 317 என்று எழுதினார். அடுத்த பூங்கா ஒஹாயோவில். எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள்.

"நான் இன்னிக்கு இதுலயே ஒன்பது தடவை போயிட்டேன். இன்னொரு தடவை போலாமா?" என்றாள் டெஸ்ஸா.

"இது நான் ஏறின முந்நூத்திப் பதினேழாவது கோஸ்டர். ஒரு தடவை போதும்மா. அதுக்கு மேல கணக்குல வராது."

"அப்ப அத்தனையில உங்களுக்கு எது ரொம்பப் பிடிச்சுது, தாத்தா?"

டெல்மர் நோட்டைப் புரட்டினார். எண், தேதி, ஊர். அடுத்த பக்கத்திலும் எண், தேதி, ஊர்.

"அவருக்கு எப்பவும் அடுத்ததுதான் பிடிக்கும், கண்ணு," என்ற லோர்னா, கார் சாவியை அவர் கையில் திணித்துவிட்டு டெஸ்ஸாவோடு வரிசையில் போய் நின்றாள்.