செண்பகவல்லியைப் பார்க்க வந்த நாற்காலிகள்

செங்கரட்டில் சக்கர நாற்காலியை யாரும் கடைக்குப் போய் வாங்குவதில்லை. நாற்காலிதான் நல்ல நாள் பார்த்து, தன் வீட்டுப் பெரியவர்களோடு வந்து ஆளைப் பார்த்துவிட்டுப் போகும். வாசலில் பலகை சாய்த்து உள்ளே அழைத்து, கேசரியும் பஜ்ஜியும் வைக்க வேண்டும். நாற்காலிகள் எதையும் தொடாது. ஆனால் வைக்காவிட்டால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும்.

செண்பகவல்லிக்கு முப்பத்தாறு வயது. சின்ன வயதிலேயே கால்கள் இரண்டும் ஓய்வு வாங்கிக்கொண்டுவிட்டன. அண்ணன் உமாபதிதான் காலையில் தூக்கி வந்து கூடத்தில் உட்கார வைப்பார், ராத்திரி தூக்கிப்போய்ப் படுக்க வைப்பார். தங்கமான மனிதர். இடைப்பட்ட பொழுதெல்லாம் எதிரே உட்கார்ந்து, தண்ணீர் மோட்டாரைத் தான் ஒற்றை ஆளாகப் பழுது பார்த்த கதையைச் சொல்வார். எழுந்து போக முடியாத ஒருத்தி எதிரே இருந்தால் யாருக்குத்தான் கதை சொல்ல வராது? செண்பகவல்லிக்கு உலகத்தைச் சுற்றும் ஆசையெல்லாம் இல்லை. பேச்சு பிடிக்கவில்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்த இடத்தைவிட்டுப் போக வேண்டும். ஒரே ஒரு தடவை போதும். அதை நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

நாற்காலி வீட்டாருக்கு முன்கூட்டியே அளவு சொல்லி அனுப்ப வேண்டும். பெண்பிள்ளையின் அளவை முன்பின் தெரியாத நாற்காலிகளுக்குச் சொல்வதாவது! குடும்பத் தலைவரின் அளவைச் சொல்வதுதான் செங்கரட்டு முறை. உமாபதி தன் அளவைச் சொல்லி அனுப்பினார். அவர் செண்பகவல்லியைப் போல இரண்டு பங்கு.

அதனால் வந்த நாற்காலிகளெல்லாம் அகலமாகவே வந்தன. தலைவர்தான் முதலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதால் உமாபதி உட்காருவார். தைத்துப் போட்டது போல இருக்கும். செண்பகவல்லியை உட்கார வைத்தால் ஓரத்தில் ஒரு மூட்டைக்கு இடம் மிஞ்சும். "எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று உமாபதியைப் பார்த்துச் சொல்லிவிட்டு நாற்காலிகள் போய்விடும். செண்பகவல்லி ஆறிப்போன பஜ்ஜியை மென்றுகொண்டே அன்றைக்கும் மோட்டார் கதையைக் கேட்பாள்.

ஐப்பசியில் ஒரு வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை நாற்காலி நல்ல ஆகிருதி. இரண்டு பக்கமும் மெத்தை வைத்த கைகள். உமாபதி அமர்ந்ததும் அது சொக்கிப்போய், அவரைச் சுமந்தபடியே கொல்லைப்பக்கம் உலாவப் போய்விட்டது. பெரியவர்களும் பின்னால் உருண்டார்கள். கூடத்தில் ஒரு ஒல்லி நாற்காலி மட்டும் நின்றது. மாப்பிள்ளையின் தம்பி. சும்மா பஜ்ஜி வாசனைக்காகக் கூட வந்தது.

செண்பகவல்லி அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்கு என்ன தெரியும்?"

"பெருசா ஒண்ணும் தெரியாதுங்க. நின்ன எடத்துலயே முழுசாத் திரும்புவேன்."

"ஒருத்தர் பேசிக்கிட்டு இருக்கும்போது?"

நாற்காலி யோசித்தது. "அப்பத்தான் இன்னும் நல்லாத் திரும்புவேங்க."

அவளுக்குக் காது மடல் வரை சூடாகிவிட்டது. எல்லோரும் திரும்பி வந்ததும், "எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு" என்று பட்டென்று சொன்னாள்.

பெரியவர்களின் சக்கரங்கள் கிறீச்சிட்டன. "மூத்தவன் குத்துக்கல்லு மாதிரி நிக்கும்போது இளையவனுக்கு எப்படிம்மா முடிக்கிறது? மொதல்ல இவனுக்கு ஒரு வழி பண்ணணும். இவனுக்கு உங்க அண்ணனைத்தான் பிடிச்சிருக்கு."

"எனக்குத்தான் நடக்க வருமே!" என்றார் உமாபதி.

"அதனால என்னங்க. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு குறை. நாங்க அதைப் பெருசா எடுத்துக்க மாட்டோம்."

உமாபதி தங்கையைப் பார்த்தார். செண்பகவல்லி இதுவரை அவரிடம் எதையும் கேட்டதில்லை. கேட்க வேண்டியதெல்லாம் அவராகவே செய்துவிடுவார். அவளுக்கு அதுவே பாரமாக இருந்தது.

"அண்ணே, எனக்காக உட்காரு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா" என்றார். பெரியவர்கள் தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

ஒரே முகூர்த்தத்தில் இரண்டும் முடிந்தன. பந்தியெல்லாம் ஓய்ந்த பிறகு, உமாபதி மெத்தைக் கைகளில் முழங்கையை ஊன்றி, வசதியாகச் சாய்ந்து, தொண்டையைக் கனைத்தார்.

"அன்னிக்கு மோட்டார் கப்புனு நின்னுபோச்சா, நான் என்ன பண்ணினேன்னா..."

செண்பகவல்லி சக்கரங்களில் கைவைத்தாள். ஒரே சுற்று. அண்ணன் முகம் போய்ச் சுவர் வந்தது, சுவர் போய் வாசல் வந்தது. பலகையில் சர்ரென்று இறங்கித் தெருவுக்கு வந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூச்சு முட்டியது. இத்தனை சந்தோஷத்தை ஒரே நாளில் எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவே இல்லை.

கேட்க ஆளில்லாமல் போன அண்ணனின் மீதி வாக்கியம் தெருமுனை வரை அவள் பின்னாலேயே ஓடி வந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டதால் ஏறிக்கொண்டது. பாதி வாக்கியம்தானே என்று கண்டக்டர் அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.